மூன்றாவது கேள்வி

என் காரின் முன்னிருக்கையில் வருடக் கணக்காக ஒருவரும் இருந்ததில்லை. குடை, தண்ணீர்ப் போத்தல்கள், முகம் துடைக்கிற ரிஷ்யூப் பெட்டி, ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்து, அதைத் துடைக்கிற துணி ஆகியவைதான் அதில் பயணம் செய்தன. மனிதர்கள் பின்னுக்குத்தான். அதுவும் இடது பக்கக் கதவால்தான். கதவை நான் திறக்க வேண்டும், நானே சாத்த வேண்டும், அவர்களாகக் கேட்டாலொழிய வாய் திறக்கக் கூடாது. வாய் திறக்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று சிட்னியில் நான் குடியிருக்கும் டூங்கபியில் என்னை அறிந்த எவரையும் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள்.

பின்னால் இருந்தவள் ஒரு சின்ன நாட்டின் அரச வாரிசு. எந்த நாடு என்று கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன் என்று கையெழுத்து வைத்துக் கொடுத்திருக்கிறேன். பன்னிரண்டு வயதில் அவளைச் சிட்னிக்கு அனுப்பி, துறைமுகக் கரையோரம் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்திருந்தார்கள். சனி, ஞாயிறுகளில் அவளை ஏற்றி இறக்குவது என் வேலை. அவளுக்கு முன்னால் 'யுவர் ஹைனஸ்' என்பேன். மனதுக்குள் 'பிள்ளை' என்றுதான் கூப்பிட்டேன். வேறு எப்படிக் கூப்பிடுவது? என் மகளைவிட ஒரே ஒரு வயது மூப்பு.

என் மகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் அகதியாகப் படகேறிக் கடலால் வந்தவன். புறப்பட்டபோது அவளுக்கு ஆறு வயது. இங்கே எனக்குக் கிடைத்தது தற்காலிக விசா. வேலை செய்யலாம், வரி கட்டலாம், ஆனால் மனைவி பிள்ளையைக் கூப்பிட முடியாது. ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது. மகளுக்கு ஒன்பது வயதானபோது அவளுடைய அம்மா மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். நான் அப்போது செவன் ஹில்ஸில் ஒரு கோழித் தொழிற்சாலையில் நின்றேன். செத்தவீட்டைச் சாப்பாட்டு அறையில், கையுறையைக் கழற்றிவிட்டு, ஃபோனில் பார்த்தேன். பிறகு கையுறையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். மகளை என் அக்கா எடுத்து வளர்த்தாள். அன்றிலிருந்து எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவள் எனக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அப்படிப்பட்டவனிடம் இன்னொருத்தரின் பெண் பிள்ளையைக் கொடுத்துக் கவனமாக ஓட்டு என்றது நான் சாரதியாக நின்ற கொம்பனி. முதல் மாதம் முழுக்க எனக்கு அந்தப் பிள்ளை மேல் எரிச்சல். பொய் சொல்ல மாட்டேன். என் பிள்ளை மழைக்குள் சைக்கிள் உழக்கிப் பள்ளிக்கூடம் போகிறாள், இவளுக்குச் சப்பாத்து நனையாமல் நான் குடை பிடிக்க வேண்டும். கோதாரி விழுந்த உலகம் என்று வாய்க்குள் திட்டிக்கொண்டேதான் குடையை விரித்தேன்.

அரச வாரிசு என்றால் சும்மா இருந்து சாப்பிடுகிற சீவியம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அடேயப்பா! சனிக்கிழமை காலையில் தாய்மொழிப் பாடம். அது முடிய அவர்களுடைய நாட்டுச் சட்டம். பிறகு குதிரை. ஞாயிறுகளில் இங்குள்ள அவர்களுடைய சனங்களின் ஏதாவது வைபவம்: மண்டபம் திறக்க, மரம் நட, மாலை வைக்க. இதற்கெல்லாம் நடுவில், காருக்குள், பாட்டன் பூட்டன் பெயர்களை ஒப்புவிக்க வேண்டும். முதல் அரசனிலிருந்து அவளுடைய அம்மா வரை ஒரு பெயர் பிசகினாலும் திரும்ப முதலிலிருந்து. கேட்டுக் கேட்டு எனக்கே பாடமாகிவிட்டது. என் சொந்தப் பூட்டனின் பெயர் எனக்குத் தெரியாது. அவர்களுடைய ஒன்பதாம் அரசனின் பெயரை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

இதையெல்லாம் நடத்தியவர் அரண்மனையிலிருந்து கூட வந்த ஓர் அம்மையார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். எப்போதும் எனக்கு நேர் பின்னால் இருப்பார். சிரிப்பதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்துவிட்டுத்தான் சிரிப்பார் போல. அவர் பிள்ளைக்கு நிற்கப் பழக்கினார். ஆமாம், நிற்க. வெயிலில் இரண்டு மணி நேரம் அசையாமல் நிற்பதற்கும் ஒரு வித்தை இருக்கிறது. முழங்காலை விறைப்பாக வைத்தால் மயங்கி விழுவாய், பாவாடைக்குள் மெல்ல மடக்கி வைத்துக்கொள், ஒருவருக்கும் தெரியாது. வைபவத்துக்கு முன் தண்ணீர் இரண்டு மிடறுதான். பசித்தாலும் மேசையில் முதலில் கை வைக்காதே, கடைசியாகவும் எடுக்காதே. பிள்ளை ஒன்றுக்கும் முகம் சுழிக்காது. ஒரு விஷயத்தை ஒரு தடவைதான் கேட்கும், இல்லை என்றால் திரும்பக் கேட்காது. அப்படியும் பழக்கியிருந்தார்கள்.

ஆனால் எனக்குள் முள்ளாய்த் தைத்து நின்றது வேறொரு பாடம். வரிசையில் நிற்கிற சனங்களோடு பேசுகிற முறை. ஒருவருக்கு இரண்டு கேள்வி. அவ்வளவுதான். கையைக் கொடு, கண்ணைப் பார், ஒரு கேள்வி கேள், பதிலைக் கேட்டுத் தலையசை, இன்னொன்று கேள், அடுத்த ஆளிடம் போ. இதைப் பழகுவதற்கு வரிசையில் ஓர் ஆள் வேண்டுமே. காருக்குள் வேறு யார்? நான்தான்.

"உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டது பிள்ளை. அவர்களோடு நான் பேசியதெல்லாம் ஆங்கிலம்தான், இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"ஒரு மகள்" என்றேன்.

"நன்றாகப் படிக்கிறாளா?"

"படிக்கிறாள், யுவர் ஹைனஸ்."

அத்தோடு முடிய வேண்டும். பிள்ளை முடிக்கவில்லை. "அவள் ஏன் உங்களோடு இல்லை?" என்றது.

மகள் இங்கே இல்லை என்று நான் சொல்லவே இல்லை. எப்படிக் கண்டுபிடித்ததோ தெரியாது. நான் பதில் தேடுவதற்குள் பின்னாலிருந்து அம்மையார், "அது மூன்று" என்றார்.

"மூன்று கேட்டால் என்ன?" என்றது பிள்ளை.

அம்மையார் சற்று யோசித்துத்தான் சொன்னார். "இரண்டு கேள்வி மரியாதைக்கு. மூன்றாவதைக் கேட்டால் அவர் உண்மையைச் சொல்லுவார். உண்மையைக் கேட்டவர் அதற்கு ஏதாவது செய்ய வேண்டும். உங்களால் செய்ய முடியாது. செய்ய முடியாததைக் கேட்கக் கூடாது."

எனக்கு வந்ததே கோபம்! காரை ஓரங்கட்டிவிட்டு, நீ யாரடி என் உண்மைக்குக் கணக்குப் பார்க்க என்று கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்கவில்லை. லைற் பச்சை விழுந்தது, போனேன்.

அன்று பின்னேரம் வழமை போல மகளுக்கு ஃபோன் எடுத்தேன். "சாப்பிட்டனியோ?" என்றேன். "ஓம் அப்பா" என்றாள். "படிக்கிறியோ?" என்றேன். "ஓம் அப்பா" என்றாள். பிறகு, "சரி, மாமியிட்டைக் குடு" என்றேன். ஃபோனை வைத்துவிட்டுக் குசினிக் கதிரையில் அப்படியே இருந்துவிட்டேன். எத்தனை வருடமாக இதே இரண்டு கேள்வி! அந்த அம்மையார் எனக்கும் பழக்கிவிட்ட மாதிரி. மூன்றாவது ஒன்று எனக்குள் கிடந்தது, அவளுடைய அம்மா போன நாளிலிருந்து. கேட்கப் பயம். கேட்டு, அவள் உண்மையைச் சொல்லிவிட்டால் டூங்கபியில் இருந்துகொண்டு நான் என்ன செய்ய? அவளும் ஒரு காலத்தில் "எப்ப வருவீங்கள்?" என்று கேட்டுக்கொண்டிருந்தவள்தான். பத்து வயதோடு அதை நிறுத்திவிட்டாள்.

வீட்டில் என்னோடு இருந்தவர் தஞ்சாவூர்க்காரர், பகிடிக்காரர். "என்ன அண்ணே, இளவரசிய விட்டுட்டு வந்தாச்சா? ராஜ்யத்துல பாதி எப்பக் குடுப்பாங்க?" என்பார் ஒவ்வொரு சனிக்கிழமையும். அன்று அவரும் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் தேத்தண்ணி போட்டுத் தந்தார்.

பிறகு கொரோனா வந்து நாட்டை இழுத்துப் பூட்டினார்கள். பிள்ளையால் ஊருக்குப் போக முடியவில்லை, தாயால் இங்கே வர முடியவில்லை. ஏறக்குறைய இரண்டு வருடம். சிட்னியே அழுதது, தாயைப் பார்க்க முடியவில்லை, பேரனைப் பார்க்க முடியவில்லை என்று. எனக்கு ஒரு கேவலமான சந்தோசம். இப்போது தெரிகிறதா என்று நினைத்தேன். நினைத்ததற்கு வெட்கப்பட்டேன், ஆனாலும் நினைத்தேன்.

அந்த நாட்களில் பிள்ளை மெலிந்து போனது. அரசர்களின் பெயர்களை ஒப்புவிக்கும்போது கடைசிப் பெயருக்கு வந்ததும் நின்றுவிடும். கடைசிப் பெயர் அதனுடைய அம்மாவினுடையது. அம்மையாரும் முதலிலிருந்து சொல்லச் சொல்ல மாட்டார். சில நாள் போகிற வழியில் நித்திரையாகிவிடும். அப்போது நான் நேர் வழியை விட்டு இரண்டு தெரு சுற்றிப் போவேன், பத்து நிமிடம் கூடத் தூங்கட்டும் என்று. அம்மையார் கவனித்தார், யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை அம்மையாருக்குச் சுகமில்லை. பிள்ளை தனியாக வந்தது. நான் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்க, அது முன்கதவுப் பக்கம் நின்று, "இன்றைக்கு நான் முன்னால் இருக்கலாமா?" என்றது.

"அதற்கு ரூல்ஸ் இல்லை, யுவர் ஹைனஸ்" என்றேன்.

தலையை ஒரு தடவை ஆட்டிவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டது. திரும்பக் கேட்கவில்லை. கேட்காது என்று எனக்குத் தெரியும், தெரிந்துதான் சொன்னேன். வேலை போய்விடும் என்ற பயம். ஒரு குடையையும் நாலு போத்தலையும் எடுத்துப் பின்னால் போடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. விசரன் நான். இன்றைக்கும் அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போலிருக்கும்.

எல்லை திறந்ததும் தாய் வந்தார். எயார்போர்ட்டில் அவர்களுக்கென்று தனி வாசல். வரிசையாக ஆட்கள், கமெராக்கள். பிள்ளை தாயைக் கண்டு ஓடவில்லை. நடந்து போய், முதலில் குனிந்து வணங்கியது. அரசி மகளின் கையைப் பிடித்து ஏதோ கேட்டார், பிள்ளை பதில் சொன்னது. இன்னொன்று கேட்டார், சொன்னது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டு நின்றேன். இரண்டு. இருவரும் காரில் ஏறினார்கள். நான் கதவைச் சாத்தி, சுற்றி வந்து என் இருக்கையில் ஏறியபோது பின்னால் விம்மல் கேட்டது. பதினாறு வயதுப் பிள்ளையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த மனுசி அழுகிறார். தொப்பி ஒரு பக்கம் கிடக்கிறது. நான் கையை உயர்த்தி பின்புறம் காட்டுகிற கண்ணாடியை மேலே திருப்பிவிட்டேன். பின்னால் என்ன வருகிறது என்று தெரியாமலேதான் சிற்றி வரை ஓட்டினேன். எனக்கும் கண் தெரியவில்லை.

பள்ளி முடிந்து பிள்ளை ஊருக்குத் திரும்பிய நாளில் விடுதிக்காரர், வாசல்காரர் எல்லாரையும் வரிசையில் நிறுத்தினார்கள். நான் கடைசி ஆள். வந்து கையைக் கொடுத்தது. "உங்கள் மகள் எப்படி இருக்கிறாள்?" என்றது. நன்றாக இருக்கிறாள் என்றேன். "எப்போது வருகிறாள்?" என்றது. எங்களுக்கு நிரந்தர விசா தரப் போகிறார்களாம், அதன் பிறகு கூப்பிடலாமாம் என்றேன். இன்னும் ஏதோ கேட்கப் போவது போல வாய் திறந்தது. அம்மையார் பக்கத்தில் நின்றார். பிள்ளை வாயை மூடிக்கொண்டு தலையசைத்தது. கை மட்டும் சற்று நேரம் கூட என் கையில் இருந்தது. எனக்கு என் சொந்தப் பிள்ளையை விட்டுவிட்டு வந்த அன்றைய துக்கம் புதிதாக வந்தது.

சில மாதம் கழித்து, ஃபோனில் ஒரு காணொளி பார்த்தேன். அவர்கள் நாட்டில் பிள்ளையின் முதல் அரசாங்க வைபவம். வெயில் கொளுத்துகிறது. யாரோ முடிவே இல்லாமல் உரை வாசிக்கிறார். பிள்ளை அசையாமல் நிற்கிறது. "முழங்காலை மடக்கம்மா" என்று ஃபோனுக்குச் சொன்னேன். தஞ்சாவூர்க்காரர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

விசா வந்தது. மகளுக்கு விண்ணப்பம் போட்டு, அதுவும் வந்தது. இத்தனை வருடத்தையும் ஒரு வரியில் எழுதிவிட்டேன், வாழ்ந்தபோது அப்படி இல்லை. கொம்பனி பழைய காரை விற்றபோது நானே வாங்கியிருந்தேன். மகள் வருகிற காலையில் அதைக் கழுவித் துடைத்து, கறுப்புக் காற்சட்டை, வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு எயார்போர்ட்டுக்குப் போனேன். அதைவிட நல்ல உடுப்பு என்னிடம் இல்லை.

பத்தொன்பது வயது. என்னை விட உயரம். நடை அப்படியே அவளுடைய அம்மா. தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். கட்டிப் பிடிப்பேன் என்றுதான் பதின்மூன்று வருடமாக நினைத்திருந்தேன். எனக்குக் கை எழும்பவில்லை. வளர்ந்த ஒரு பெண்பிள்ளையை எப்படித் தொடுவது என்று தெரியாமல் நின்றேன். அவளும் அப்படித்தான் நின்றாள்.

"வாறன் அப்பா" என்று சும்மா எதையோ சொன்னாள். வந்துவிட்டவள் வாறன் என்கிறாள்.

நான் பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். காரடிக்கு வந்தோம். பெட்டியை வைத்தேன். இடது பக்கப் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு ஏறினாள். கதவைச் சாத்தினேன். சத்தியமாகச் சொல்கிறேன், நான் என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. கையும் காலும் பழகிய வேலையைத் தாமாகவே செய்தன.

சுரங்கப் பாதைக்குள் இறங்கியதும், "பிளேனிலை சாப்பிட்டனியோ?" என்றேன்.

"ஓம் அப்பா."

"நித்திரை கொண்டனியோ?"

"ஓம் அப்பா."

அத்தோடு என் வாய் மூடிக்கொண்டது. வெளிச்சத்துக்கு வந்து ஹோம்புஷ் வரை ஓட்டினேன். கண்ணாடியில் பார்த்தேன். அவள் யன்னலைப் பார்க்கவில்லை, என் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா" என்றாள். "ஏன் என்னைப் பின்னுக்கு இருத்தினனீங்கள்? நான் என்ன உங்கடை கஸ்ரமரோ?"

குரல் உடைந்திருந்தது. என் மகள் கோபிப்பதை அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்டேன். ஃபோனில் ஒரு நாளும் கோபித்ததில்லை.

அடுத்த வெளிவாயிலால் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, முதலில் கண்ட பெற்றோல் ஷெட்டில் நிறுத்தினேன். குடை, போத்தல்கள், ரிஷ்யூப் பெட்டி, துணி எல்லாவற்றையும் வாரிப் பின்னால் எறிந்தேன். பிள்ளையின் பழைய வெள்ளைச் சப்பாத்து இருக்கைக்குக் கீழே கிடந்தது. அதையும் எடுத்தேன். மகள் இறங்கி வந்து முன்னால் ஏறி, தானே கதவைச் சாத்திக்கொண்டாள். பலமாகச் சாத்தினாள். அந்தச் சத்தம் எனக்கு நல்லாக இருந்தது.

நான் காரை எடுக்கவில்லை. எடுத்தால் கேட்க மாட்டேன் என்று தெரியும். கையை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு, முன்னால் பார்த்தபடி, பத்து வருடமாக வைத்திருந்ததைக் கேட்டேன்.

"அம்மா போன பிறகு… இரவிலை நீ ஆரோடை படுத்தனி?"

அவள் மடியில் இரண்டு கையையும் கோத்து வைத்துக்கொண்டாள்.

"மாமி தன்னோடை படுக்கச் சொன்னவ" என்றாள். "நான் போகேல்லை. நீங்கள் முந்திக் கட்டின நீலச் சாரம் ஒண்டு கொடியிலை கிடந்தது. அதைச் சுத்திக்கொண்டு படுத்தனான்."

நான் அவளுடைய கையைப் பிடித்தேன். அவள் பிடிக்க விட்டாள்.

"இப்பவும் அதோடைதான்" என்றாள். "பெட்டிக்குள்ளை கிடக்கு, அப்பா."